முடிச்சிட்டேன் என்றால் முடிந்ததா?

பவித்ரா, தினேஷ்... அப்பா இந்த வாரப் பத்தியில் உங்கள் கதையைத்தான் எழுதுகிறேன். முறைக்காதீர்கள். மற்ற பிள்ளைகளும் படிக்கட்டுமே!

நம்மிடம் வாடகைக்கு விட இருப்பது ஒரே ஒரு நெல் அறுக்கும் மெஷின். விவசாயிகளே நாள் பார்த்துப் பதிவு செய்ய, நீங்கள் இருவரும் ஒரு ஆப் எழுதினீர்கள். உத்திரமேரூர் முழுக்கப் பெருமையடித்தேன். போன வாரம் என்ன ஆயிற்று? ஒரே காலை – இரண்டு பேருக்குப் பதிவு!

அந்த இருவரில் ஒருவரான மாகறல் முருகேசன் போனிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணே, உன் மெஷினு குட்டி போட்டுச்சா? ரெண்டு பேருக்குக் குடுத்துக்கினு கீறே! மேகம் கட்டிக்கினு வருது. நெல்லு சாஞ்சா நீயா வந்து நிமித்துவே?"

வேறொரு மெஷின்காரரைக் கெஞ்சி அனுப்பினேன். மழைக்கு முன்னால் அறுத்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "ஆப் வாணாம். பழையபடி போனே போதும்."

தினேஷ் பதறினான். "ஒரே நாளு ரெண்டு பேருக்குப் போவாத மாதிரி அப்பவே மாத்திட்டேன்பா. 'முடிச்சிட்டேன்'னு வாட்ஸ்அப் குரூப்ல கூடப் போட்டேனே!"

"குரூப்ல கீது. ஆப்ல எங்கடா கீது?" என்றாள் பவித்ரா.

"என் லேப்டாப்ல கீதுக்கா... ஆப்ல சேக்க மறந்துட்டேன்."

"அப்ப லேப்டாப்ப எடுத்துக்கினு போய் நெல்லு அறு!"

பவித்ரா, நீதான் "ஒரே ஒரு சான்ஸ் குடுப்பா" என்றாய். குரூப்பை விட்டுவிட்டு, ஆப் இருக்கும் அதே போல்டரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல் வைத்தாய். வரிக்கு ஒரு வேலை. முடிந்தால் முன்னால் ஒரு x. ஆனால் x மட்டும் தனியாகப் போகக் கூடாது – அந்த வேலைக்கான புரோகிராமும் கூடவே, ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவாகச் சேர்ந்து போக வேண்டும். எந்த வரியை யார், எதற்காக மாற்றினார்கள் என்பதை 'கிட்' என்ற மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளுமாம்.

"அப்பாவும் இனிமே வேலைய இதுலதான் எழுதணும். துன்ற நேரத்துல சொன்னா கணக்கில்ல!" – இது தினேஷ்.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் இது புரிந்தது, பிள்ளைகளே. வேலை ஓரிடம், 'முடிஞ்சிது' என்ற சொல் ஓரிடம் என்றிருந்தால், சொல்தான் முந்தி ஓடும். அதற்கென்ன, கால் வலிக்கவா போகிறது?

நேற்று நீங்கள் காலேஜுக்கு பஸ் ஏறிய பிறகு பைலைத் திறந்தேன். இரட்டைப் பதிவைத் தடுக்கும் வேலைக்கு x விழுந்திருந்தது. என் போனிலிருந்து ஒரே நாளுக்கு இரண்டு பெயர் போட்டுப் பார்த்தேன். முதல் பெயர் ஏறியது. இரண்டாவதை, 'அந்த நாள் காலியில்லை' என்று தள்ளிவிட்டது.

அந்த வரியின் கடைசியில் 'அப்பா பார்த்தாச்சு' என்று சேர்த்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி கமிட்டை அழுத்தினேன். எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டது.

ஒற்றை விரலால் தட்டினேன் – 'ஆப் இருக்கட்டும்.'