பலகையில் நான் எழுதிய "தேறாது"

அண்ணனுடைய பிரவுசிங் சென்டர் திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. ஆறு கம்ப்யூட்டர். காலையில் ரிசல்ட் பார்க்கவும் ஹால் டிக்கெட் எடுக்கவும் ஆள் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் கேம் ஆடுகிற பையன்கள் வந்துவிடுவார்கள். வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தோம். புது கேம் எது வந்தாலும் முதலில் நான் ஆடிப் பார்ப்பேன். அதன் பெயரைச் சாக்பீஸால் எழுதி, பக்கத்தில் "தேறும்" என்றோ "தேறாது" என்றோ போடுவேன். தேறும் என்று எழுதினால்தான் அண்ணன் அதை எல்லாவற்றிலும் ஏற்றுவான்.

நான் அப்போது காலேஜில் இரண்டாம் வருடம். துப்பாக்கி கேமில் என்னை ஜெயிக்க அந்தக் கடையில் ஆள் கிடையாது. "அக்கா இன்னா எழுதியிருக்குது?" என்று பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பையன்கள் செருப்பையே கழற்றுவார்கள். வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்று கூட என்னை யாரும் கேட்டதில்லை. என் சொல்லுக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அந்தப் பலகைதான்.

அந்த வருடம் ஒரு போர் கேம் வரப்போகிறது என்று ஆறு மாதமாக ஒரே பேச்சு. பெரிய நடிகர் படத்துக்குக் கூட அவ்வளவு ஆர்ப்பாட்டம் இருந்திருக்காது. ஒரு பையன் கம்ப்யூட்டர் புத்தகத்திலிருந்து அந்த கேமின் சிப்பாய் படத்தைக் கிழித்து வந்து எங்கள் சுவரிலேயே ஒட்டிவிட்டான். இன்னும் வெளியே வராத கேமில் என்னென்ன துப்பாக்கி என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். எங்கள் பழைய மிஷின்கள் அதைத் தாங்காது, புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரியும்.

"நீ பாத்து சொல்லு. தேறும்னு எழுதினா ஆறுக்கும் கார்டு போட்டுர்றேன். இல்லன்னா பழசையே ஓட்டிக்கினு இருப்போம்," என்றான்.

இந்த நேரத்தில்தான் விழுப்புரத்திலிருந்து சித்தப்பா பெண் போன் செய்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். எனக்குக் கிடைத்ததெல்லாம் அவளுக்கும் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைத்ததில்லை. சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கின அன்று அவள் போட்டிருந்த கவுனை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். சித்தப்பா சவுதியில் இருந்தார். அந்த லீவில் வந்தவர் அவளுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தார்.

"அக்கா, அந்த கேமோட டெமோ எறக்கிட்டேன். முதல் கட்டம் மட்டும் வருது. நாயித்துக்கெழம வா, ஆடலாம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். அவள் அறையில் ஃபேனுக்குக் கீழே அந்தப் பெரிய திரை. அவள் ஆடத் தொடங்கினாள். மழை பெய்து தேங்கிய தண்ணீரில் எரிகிற வீடு தெரிந்தது. சிப்பாய் ஓடும்போது மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. எங்கும் நிற்கவில்லை, திக்கவில்லை. நான் அதுவரை பார்த்த எதுவும் அதன் பக்கத்தில் கூட வராது. அதைவிடக் கொடுமை, அவள் நன்றாக ஆடினாள்.

பிறகு மவுஸை என்னிடம் கொடுத்தாள். மூன்று முறை செத்தேன்.

"பரவால்லக்கா. உங்க கடை மிஷின்ல இதெல்லாம் வராதுல்ல, அதான் பழக்கம் இல்ல," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. கிளம்பும்போது டெமோவை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றியும் விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அந்த சிடியை எங்கள் கடையின் ஓரத்து மிஷினில் போட்டேன். பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றார்கள். சிப்பாய் ஒரு காலைத் தூக்கினான். மறு காலை வைக்க அரை நிமிடம் ஆனது. மழை அந்தரத்தில் நின்றது.

"ஐயே, பேஜாரு புடிச்ச கேமா இருக்குதே," என்றான் ஒருவன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "விழுப்புரத்துலயும் இப்படித்தான் நின்னு நின்னு போச்சா?"

"ஆமா," என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. அந்த கேம் நன்றாக இருந்தால் அவள் என்னைவிட நன்றாக ஆடுகிறாள் என்று ஆகிவிடும். கேமே மோசம் என்றால் அந்தக் கணக்கே இல்லை. போய்ப் பலகையில் பெரிய எழுத்தில் "தேறாது" என்று எழுதினேன். சிப்பாய் படத்தை ஒட்டியவனே அதைக் கிழித்துப் போட்டான். அண்ணன் கார்டு வாங்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் கேம் வெளியானது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டரில் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. முதலில் இரண்டு பேர் பஸ் ஏறிப் போனார்கள். பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் கடையில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. வழியில் பார்த்தால் பையன்கள் "அக்கா" என்று சிரிப்பார்கள். கேமைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க அண்ணன் விழுப்புரம் போனான். திரும்பி வந்தவன் ஈரத் துணியை எடுத்துப் பலகையை முழுக்கத் துடைத்தான். அதில் "பகல் 2 முதல் 4 வரை கரண்ட் இல்லை" என்று எழுதினான். எழுதி முடித்த பிறகுதான் சொன்னான்: "சித்தப்பா பொண்ணு டெமோவையே போட்டுக் காட்டுச்சு. அன்னிக்கு நீ பாத்த அதே மிஷின்லதான். அப்படியே வழுக்கிக்கினு போவுது."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. என் வாயில் வேறு கேள்விதான் வந்தது.

"என்னைவிட நல்லாவா ஆடுறா?"

அண்ணன் சாக்பீஸை என் பக்கம் நீட்டினான். "அவ பேருக்குப் பக்கத்துல இன்னா போடுவ, தேறுமா, தேறாதா? நீயே சொல்லு."