பாறை பிடித்துக்கொண்ட சோப்பு

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், மணலி போகிற சாலையில் இருந்த ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். சோப்புத் தூளுக்கு நுரை தருகிற சர்ஃபேக்டன்ட்தான் எங்கள் சரக்கு. அதையே கொஞ்சம் மாற்றிப் பழைய எண்ணெய்க் கிணறுகளுக்கு விற்கலாம் என்று மேனேஜருக்கு ஆசை வந்தது. பம்ப் போட்டு எடுத்தது போக, நிலத்தடிப் பாறையின் துளைகளில் எண்ணெய் நிறைய ஒட்டிக் கிடக்கும். சோப்புத் தண்ணீரை உள்ளே செலுத்தினால் அது கழன்று வரும். யோசனை நல்லதுதான்.

எனக்குத் துணையாக இருந்தவள் சடையங்குப்பத்துக்காரி, கான்ட்ராக்ட் ஆள். கண்ணாடிச் சாமான் கழுவுவாள், பம்ப்பைப் பார்த்துக்கொள்வாள். மழைக்காலத்தில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். ஈரப் புடவையோடே வேலைக்கு வந்துவிடுவாள். அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் கழுவிய மணலைக் குழாயில் அடைத்துச் சோப்புத் தண்ணீரை விட்டோம். போட்ட சோப்பு ஏறக்குறைய அப்படியே மறுமுனையில் வந்தது. மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு, வாங்கப் போகிற எண்ணெய்க் கம்பெனி தங்கள் கிணற்றுப் பாறையிலேயே ஒரு துண்டு அனுப்பியது. களிமண் கலந்த சாம்பல் நிறக் கல். அதன் வழியாக விட்ட தண்ணீரைப் பிடித்து, நீலச் சாயமும் குளோரோஃபார்மும் சேர்த்துக் குலுக்கினேன். சோப்பு இருந்தால் நீலம் அடியில் நிற்கும் குளோரோஃபார்முக்கு இறங்கும். இறங்கவே இல்லை. மறுநாளும் அதே கதை.

“இன்னாக்கா, சோப்பெல்லாம் எங்க பூட்ச்சி?” என்றாள் அவள்.

“கல்லே பிடிச்சு வெச்சுக்குது.”

எண்ணெயைத் தொடுவதற்கு முன்பே எங்கள் சரக்கு பாறையோடு போய்க்கொண்டிருந்தது. மேனேஜரிடம் சொன்னேன். முதலில் சோடாக் கரைசலை விட்டால் பாறை பிடிப்பது குறையலாம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்றும் கேட்டேன்.

“அதுக்கெல்லாம் நேரமில்லம்மா. மணல் ரிசல்ட்டையே காட்டிடலாம்” என்றார்.

எண்ணெய்க் கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். மணல் ரிசல்ட்டைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எங்க கல்லுல விட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“ஓடிக்கிட்டிருக்கு சார்” என்றார் மேனேஜர்.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே செய்யறீங்க? சொல்லுங்கம்மா.”

“முடிஞ்சிருச்சு சார். சோப்பு எதுவும் வெளிய வரல.”

அவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆர்டர் வரவில்லை. சில மாதங்களில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கடைசி நாள், கேட்டருகே அவளிடம் பேசப் போனேன்.

“உனுக்கு இன்னாக்கா, படிச்சிகீற, வேற எடம் கெடைக்கும். நான் எங்க போவேன்? வாய மூடிகினு இருந்திருக்கலாம்ல?”

பிறகு ஒரு தரம் காசிமேட்டில் இறால் உரிக்கிற பெண்களுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது பக்கத்தில் ஒரு கார் நின்றது. பழைய மேனேஜர். இப்போது வேறொரு கம்பெனியில் இன்னும் பெரிய பதவியாம். அதே மாதிரிச் சரக்கை அங்கிருந்து வேறொரு கிணற்றுக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்.

“அவங்க பாறையில டெஸ்ட் பண்ணீங்களா சார்?”

“அவங்க கேக்கல, நாங்க பண்ணல. மணலைத்தான் காட்டினோம்.”

“கிணத்துல எண்ணெய் வந்துச்சா?”

“எங்க வந்துச்சு?” சிரித்தார். “பாறை சரியில்லைன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. ஆமா, நீ இப்ப எங்கம்மா இருக்கே?”

பினாயில் பாட்டிலில் அடைக்கிற இடத்தில் இருப்பதாகச் சொன்னேன். “அடடா” என்றார். குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.