ஆபரேஷனுக்கு முந்தி அடித்த பிட்

எழுபத்தெட்டு வயதில் எனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள். பையையே எடுத்துவிடுவது நல்லது, ஆனால் உடம்பு தாங்குமா என்று மயக்க மருந்து டாக்டர் சோதித்துச் சொல்லட்டும் என்றார் சர்ஜன். சோதனை என்றதும் எனக்குள் இருந்த ரிட்டயர்டு வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தோற்றால் கட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சி தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணி ஓட்டியவர். போன வருஷம் அதே டாக்டரிடம் போய்வந்தவர்.

"மறதி இருக்கான்னு பாக்க மூணு வார்த்தை சொல்லுவாவ. கடியாரம் வரையச் சொல்லிட்டுத் திருப்பிக் கேப்பாவ. எனக்குப் படகு, எலுமிச்சை, சாவி," என்றார்.

கேள்வித்தாள் கைக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் குளிக்கும்போதுகூட அதையே மனப்பாடம் செய்தேன். எத்தனையோ பையன்களின் சட்டைப்பையிலிருந்து பிட்டை உருவியவன் நான். அது ஞாபகத்துக்கே வரவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "நிக்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா சார்?"

"தினமும் ஏறுதேன்."

"நம்ம வீட்டுக்கு ஏது மாடி?" என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி. எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று அவளுக்குக் கட்டின நாளிலிருந்தே தெரியாது.

டாக்டர் மூன்று வார்த்தை சொன்னார்: கோயில், மஞ்சள், குடை. கடிகாரத்தை முள் பிசகாமல் வரைந்தேன்.

"இப்ப அந்த மூணு வார்த்தை?"

"படகு, எலுமிச்சை, சாவி," என்றேன், முதல் பெஞ்சுப் பையனைப் போல.

டாக்டரின் பேனா நின்றது. இவ்வளவு மறதி இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி தடுமாறலாம், யோசித்துத்தான் செய்யவேண்டும் என்று மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார். என் காது நன்றாகவே கேட்கும்.

"மறதி எல்லாம் இல்லம்மா," என்றாள் அவள். "எதிர்வீட்டுல கேட்டு, பிட் அடிச்சிட்டு வந்திருக்காவ."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

"வயசாயிட்டுன்னு திருப்பி அனுப்பிருவியளோன்னு பயந்துட்டேம்மா."

அவரே என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். முதல் மாடி ஏறியதும் மூச்சு வாங்க, கைப்பிடியைப் பிடித்து நின்றேன். அங்கிருந்தே, "கோயில், மஞ்சள், குடை," என்றேன். அப்போதுதான் சிரித்தார். மூன்று வாரம் நடையும் மூச்சுப் பயிற்சியும் செய்துவிட்டு வந்தால் ஆபரேஷன் செய்யலாம் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில், என்னிடம் பிடிபட்ட பையன்களை நினைத்துக்கொண்டேன். ஒருவனிடம்கூட நான் ஏன் என்று கேட்டதில்லை.