அம்மா காவல் இருந்த இங்கிலீஷ் கிளாஸ்

காலையில் நான் பல் தேய்ப்பதற்குள் செல்போன் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லித் தருகிறது. நான் கேட்கவே இல்லை. கேட்காமல் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம். அது எங்கள் குடும்பச் சொத்து. இன்று வந்த வார்த்தை 'சர்மவுண்ட்'. தடையை ஏறிக் கடப்பது என்று அர்த்தம் போட்டிருந்தது. பார்த்ததும் எனக்கு முருங்கைக்கீரை வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடந்தது. கிண்டியில் ஒரு கம்பெனியில் ரிசப்ஷன் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். இன்டர்வியூ இங்கிலீஷில். வேலை கிடைக்காவிட்டால் தையில் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவர் நல்லவர்தான், விழித்திருக்கும் நேரம்தான் குறைவு.

நான் அங்கே படிக்கத்தான் போகிறேனா என்று அப்பாவுக்குச் சந்தேகம். தட்டில் சோறு விழுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்: "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

ஒருநாள் சர்மவுண்டைச் சொன்னேன். 'சர்' என்றால் மேலே, 'மவுண்ட்' என்றால் ஏறுவது, பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது என்று மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். எனக்கே மிஸ் மேல் சந்தேகம் இருந்தது. அவர் செயின்ட் தாமஸ் மவுண்டில் ரயிலேறி வருகிறவர். ஸ்டேஷன் போர்டைப் பார்த்து அடித்துவிடுகிறாரோ என்று.

அப்பாவின் சந்தேகம் வேறு. "இங்கிலீஷ் கிளாஸ்ல பிரெஞ்சு எதுக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரு அந்தப் பாண்டிச்சேரிப் பையன்?" என்று கேட்டார்.

அட ராமா! நான் பாண்டிச்சேரிப் பக்கமே போனதில்லை.

மறுநாள் அப்பா என்னோடு மாடியேறி மிஸ்ஸிடமே விசாரித்தார். பாவம், மிஸ்ஸுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "ஆமா சார், பிரெஞ்சுதான். நான் பாண்டிச்சேரிலதான் படிச்சேன்" என்றார். அவ்வளவுதான். வழியெல்லாம் "பாத்தியா, பாத்தியா" என்றபடி வந்த அப்பா, செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கிளாஸ் கட்."

நான் அழுத அழுகையில் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "நான் கூடப் போறேங்க. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறேன், போதுமா?"

அப்பா யோசித்துச் சம்மதித்தார். உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள் அம்மாதான்.

அன்றிலிருந்து அம்மா முழங்கால் வலியோடு மாடியேறி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். கிளாஸ் முழுக்க அந்தப் பச்சை வாசனை. எனக்கு மானம் போயிற்று. கொஞ்ச நாளில், மாவாட்டும்போது அவள் உதடு அசைவதைக் கவனித்தேன். அப்பாவைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் மிஸ் சர்மவுண்டை வைத்து வாக்கியம் கேட்டார். எங்கள் யாருக்கும் வாக்கியம் வரவில்லை. மிஸ் விளையாட்டாக, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "மை நீ இஸ் பெயின். பட் ஐ சர்மவுண்ட். டெய்லி ஐ கம்."

மிஸ் கை தட்டினார். நாங்களும் தட்டினோம். அம்மாவின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு வேலை கிடைத்தது. அப்பா ஸ்வீட் வாங்கி வந்தார். மறுநாள் சாயங்காலம் கிளாஸ் நேரத்துக்கு அம்மா தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அப்பா.

"கிளாஸுக்கு."

"அவளுக்குத்தான் வேலை கெடச்சாச்சே. இனிமே நீ எதுக்கு?"

அம்மா உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மருந்துக்கடையும் மாடியும் ரோடு அகலமானபோது போயின. போகட்டும். அன்றைக்குப் பிறகு, போய்ச் சேரும்வரை, அம்மா இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்கவில்லை.