நாகரத்தினத்தின் வலது கை

பஸ் முழுவதுமாக நின்றால்தான் நாகரத்தினம் இறங்குவார். கொல்கத்தாவில் இது நடக்கிற காரியமா? இந்த ஊர் பஸ் நிறுத்தம் வந்தால் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்துக்குள் ஏறுகிறவர் ஏறிக்கொள்ள வேண்டும், இறங்குகிறவர் இடது காலை முன்னால் வைத்துக் குதித்துவிட வேண்டும். நாகரத்தினமோ மேல்படியில் நின்று, இடது கையால் கம்பியைக் கட்டிக்கொண்டு, "ரோக்கே தாதா, ரோக்கே! நல்லா நிறுத்துய்யா!" என்று இரண்டு மொழியில் கெஞ்சிக்கொண்டிருப்பார். அதற்குள் பஸ் அவர் இறங்க வேண்டிய லேக் மார்க்கெட்டைத் தாண்டி தேசப்ரியா பார்க் போய்விடும். அங்கிருந்து திரும்பி நடந்து வருவார். வாரத்தில் நான்கு நாளாவது இந்த நடை உண்டு.

பழகிய கண்டக்டர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் இறங்கும்போது மட்டும் டிரைவர் வண்டியை மரியாதையாக நிறுத்துவார், அதற்காக "ஆஸ்தே, லேடீஸ்!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பது இங்கே வழக்கம். நாகரத்தினத்துக்கும் இப்போது அதே குரல்தான். பஸ் நிற்கும். ஐம்பது வயது மீசைக்காரர் ஒருவர் இறங்குவார். பஸ்ஸே சிரிக்கும். "சிரிச்சிட்டுப் போறானுவ. விழுந்தவனுக்குல்ல தெரியும்" என்பார் அவர், யாரையும் கோபிக்காமல்.

விழுந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே நிறுத்தத்தில். எல்லோரையும் போல இடது காலை வைத்துத்தான் இறங்கினார். அதே தடத்தில் ஓடும் இன்னொரு தனியார் பஸ், முன்னால் போய் ஆளைப் பிடிக்கிற அவசரத்தில், நடைபாதைக்கும் இந்த பஸ்ஸுக்கும் நடுவே மூக்கை நுழைத்தது. இரண்டுக்கும் இடையில் வலது தோள் மாட்டிக்கொண்டது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி, ஒரு பிளேட்டு, ஏழு ஸ்குரு. வலது தோள் ஒரு தோசை மாஸ்டருக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்த டிரைவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சாத்தூர்க்காரரான நாகரத்தினம் பத்தொன்பது வருஷமாக வெங்கடநாராயணன் மெஸ்ஸில் தோசைக் கல்லின் முன்னால் நிற்கிறார். லேக் மார்க்கெட்டின் பின்சந்தில், காய்கறிக் கூடைகளைத் தாண்டி உள்ளே போனால் அந்த மெஸ். ஒரே நேரத்தில் எட்டு தோசை வார்க்கலாம் அந்தக் கல்லில். முன் வரிசையில் நாலு, சுவரோரமாக நாலு. மூன்று வருஷமாக முன் வரிசையில் மட்டும்தான் தோசை வேகிறது. சுவர்ப்பக்கம் எட்டி வார்க்க அவருக்குக் கை நீளாது. கேட்டால், "அந்தக் கோடி பர்னர் சரியில்ல மொதலாளி, சூடே ஏற மாட்டேங்குது" என்பார். முதலாளியும் இதுவரை மூன்று தடவை காஸ் மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் கழற்றி, துடைத்து, எரியவைத்து, ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறான். மேல் அலமாரியில் இருந்த தட்டுகளெல்லாம் கீழே இறங்கிவிட்டன. காரணம் எலி என்பது நாகரத்தினத்தின் வாக்குமூலம்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய பயம். இவருக்கு முன்னால் இருந்த மாஸ்டருக்குக் கண் மங்கியதும், வெங்கடநாராயணன் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து, ரயில் டிக்கெட்டும் எடுத்துத் தந்து, ஹவுரா ஸ்டேஷன் வரைக்கும் கூடவே போய் வழியனுப்பினார். ஊரே புகழ்ந்தது. அந்தப் பொன்னாடை இன்றைக்கும் நாகரத்தினத்தின் கனவில் வருகிறது.

ஆகவே மெஸ்ஸில் அவர் கை தேறிவிட்டது. "ஒட்டிருச்சு மொதலாளி. இரும்பு மாதிரி இருக்கு." அவர் கேஸ் போட்டிருக்கும் அலிப்பூர் விபத்து இழப்பீட்டுக் கோர்ட்டிலோ அதே கை உதவாத கை, நாற்பத்திரண்டு சதவீதம் ஊனம் என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார். கோர்ட்டில் சொன்னதுதான் உண்மை. இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம், அப்புறம் கல்லின் முன்னால் நிற்கவே முடியாது என்று அந்த டாக்டரே சொல்லியிருக்கிறார். அதற்குள் இழப்பீடு வந்தால், கார்டன் ரீச்சில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பிடித்து, பெரிய கிரைண்டர் ஒன்று போட்டு, மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாம். அது வருகிறவரைக்கும் வேலை போகக் கூடாது. வேலை போகாமல் இருக்க வேண்டுமானால் கை நன்றாக இருக்க வேண்டும். இழப்பீடு வர வேண்டுமானால் கை கெட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு கைகளையும் ஒரே தோளில் சுமந்துகொண்டு மனிதர் தினமும் பஸ் ஏறுகிறார்.

கை உண்மையில் எவ்வளவு உயரும் என்பது டாக்டரை விட்டால் அவர் மனைவி தமிழரசிக்கு மட்டும்தான் தெரியும். காலையில் சட்டை போடுவது அவர்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. தமிழரசி இந்த ஊர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். கோர்ட்டுக் காகிதங்களை உரக்கப் படித்து, அர்த்தம் சொல்லி, கட்டி வைப்பதெல்லாம் அவள்தான். "வாங்களேன், கைய நீட்டுங்க" என்று அவள் சட்டையை விரித்துப் பிடிக்கும்போது நாகரத்தினம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வக்கீல் ஹால்தார் பாபு நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு வார்த்தை நாகரத்தினத்தின் நிம்மதியைக் குலைத்துவிட்டது. பணம் கட்ட வேண்டிய பஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்புவார்கள், ரகசியமாக வீடியோ எடுப்பார்கள், ஜாக்கிரதை என்றார் அவர். அன்றிலிருந்து புதிதாக மெஸ்ஸுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் நாகரத்தினத்துக்குக் கம்பெனி ஆள்தான். ஒரே ஒரு சாதா தோசை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்காருகிறவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆளை எடைபோட அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது: பசித்து வந்தவன் தோசையைப் பார்ப்பான், வேவு பார்க்க வந்தவன் கையைப் பார்ப்பான். இந்தக் கணக்கில் அவர் ஒரு தபால்காரரையும் இரண்டு கல்லூரி வாத்தியார்களையும் சந்தேகப்பட்டிருக்கிறார்.

போதாக்குறைக்கு, இது எல்லோரும் எல்லாவற்றையும் படம் பிடிக்கிற காலம். ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதமே ஆன நிர்மல் என்ற கோயம்புத்தூர்ப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனைத் தூக்கிக்கொண்டு கல் பக்கமே வந்துவிட்டான்.

"அண்ணா, ஒரு சின்ன ரீல்ஸ்ங்ண்ணா. கொல்கத்தாவுல நம்மூர் தோசைன்னு போடலாம்."

நாகரத்தினம் கரண்டியோடு அப்படியே குனிந்துவிட்டார். கல்லுக்குக் கீழேயிருந்துதான் பதில் வந்தது. "தம்பி, மொகத்த வேணா எடுத்துக்கோங்க. கைய மட்டும் எடுக்காதீங்க."

"தோசை வாக்கற கைதாங்ண்ணா அழகே!"

"அதான் சொல்லுதேன், எடுக்காதீங்க!"

நிர்மல் கடைசியில் சட்னியைப் படம் பிடித்துக்கொண்டு போனான். அன்று இரவு அந்தப் படத்தைத் தமிழரசியின் போனில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்து, ஓரத்தில் ஒரு விரல்கூடத் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நாகரத்தினம் சாப்பிட உட்கார்ந்தார்.

இப்படி மூன்று வருஷம் ஓட்டியவருக்கு, போன மாதம் ஹால்தார் பாபு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நாகரத்தினத்தின் சாட்சியம் முந்தைய தேதியிலேயே முடிந்துவிட்டது. பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று மெஸ்ஸில் லீவு சொல்லிவிட்டுப் போய் முடித்து வந்துவிட்டார். ஆனால் சம்பளத்துக்கு அத்தாட்சி வேண்டுமே? மெஸ்ஸில் சம்பளச் சீட்டா தருகிறார்கள்? அடுத்த தேதியில் முதலாளியே கூண்டில் ஏறி, இவ்வளவு கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும் என்றார் வக்கீல்.

அன்று நாகரத்தினத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருஷமாக ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றுமாகச் சொல்லி வந்தவர் அவர். அதைக் கேட்டவர்களும் இதைக் கேட்டவர்களும் இப்போது ஒரே அறையில் உட்காரப் போகிறார்கள்.

"நீங்களே முன்னாடி சொல்லிருங்களேன்" என்றாள் தமிழரசி.

"சொன்னா மறுநாளே புது மாஸ்டர் வந்து நிப்பான். எனக்குப் பொன்னாடைதான்."

"அங்க கைய பத்திக் கேட்டா?"

"சம்பளம் மட்டுந்தான் கேப்பாங்களாம்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்லுதேன்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

வெங்கடநாராயணனுக்கோ ஒரே உற்சாகம். எழுபது வயதில் முதல்முறையாகக் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போகிறார். சஃபாரி சூட்டை இஸ்திரி போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, டாக்ஸி பிடித்து நாகரத்தினத்தையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். பழைய ஆஸ்பத்திரிச் செலவை வாங்கத்தான் கேஸ் என்று அவர் நினைப்பு. பவானிபூர் நெரிசலில் டாக்ஸி நகராமல் நின்றபோது நாகரத்தினம் இரண்டு தடவை வாயைத் திறந்தார்.

"மொதலாளி, அங்க கைய பத்தி ஏதாச்சும்..."

"நீ பேசாம வாடா. எல்லாம் நான் பாத்துக்கறேன். ஒரு மனுஷனோட பெருமையைச் சொன்னாத்தானே, அவனுக்கு என்ன நஷ்டம்னு ஜட்ஜுக்குத் தெரியும்?"

பாவம், அந்த யோசனையில் அவருக்கு ஒரு குறையும் தென்படவில்லை. நாகரத்தினம் மிச்ச தூரம் முழுக்க டாக்ஸி மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கூண்டில் ஏறிய வெங்கடநாராயணன் ஹால்தார் பாபு கேட்ட சம்பளக் கணக்கைச் சரியாகச் சொன்னார். நாகரத்தினத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். சின்ன வயது, மெதுவான குரல்.

இவர் இப்போதும் உங்களிடம் வேலை பார்க்கிறாரா என்று கேட்டார். தினமும் வருகிறான் என்றார் வெங்கடநாராயணன். வேலை எப்படி?

முதலாளி இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். பழுத்த வங்காளத்தில், கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். லேக் மார்க்கெட்டில் இவனைப் போல ஒரு கை கிடையாது. அது தங்கக் கை. விபத்துக்கு முன்னால் எப்படியோ அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாக இருக்கிறது. ஒரு வலி, ஒரு முனகல் உண்டா? கிடையாது. சொல்லி முடித்து, எப்படி என்பது போல நாகரத்தினத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

வேறு கேள்வி இல்லை என்று கம்பெனி வக்கீல் உட்கார்ந்தார். ஹால்தார் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பெஞ்சில் இருந்த நாகரத்தினத்துக்குக் காது அடைத்துப்போயிற்று. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

நீதிபதி அம்மாள் சர்ட்டிபிகேட்டைப் புரட்டினார். கூண்டில் நிற்கிறவரைப் பார்த்தார். மறுபடியும் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார். "இதில் ஒன்று எழுதியிருக்கிறது, இவர் ஒன்று சொல்கிறார். மனுதாரர் வந்திருக்கிறாரா? முன்னால் வாருங்கள்" என்றார் வங்காளத்தில். நாகரத்தினம் போய் நின்றார்.

"வலது கையை மேலே தூக்குங்கள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"தூக்குடா, நாகரத்தினம்" என்றார் கூண்டிலிருந்து முதலாளி, தமிழில், பெருமை தாங்காமல். "நன்னா தூக்கிக் காட்டு."

நீதிபதியைப் பார்த்து நின்ற நாகரத்தினம், மெல்லத் திரும்பி, கூண்டுக்கு நேராக வந்து நின்றார். கை எழுந்தது. வயிற்றைத் தாண்டியது, சட்டைப்பைக்கு நேராக வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. நாகரத்தினம் அதை இறக்காமல், முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.