விஸ்காமுக்கு ஆள் பிடித்த கதை

சினிமா சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரை ஊர் இரண்டே வகையாகத்தான் பார்க்கும்: சினிமாவில் தோற்றவன், இல்லையென்றால் இனிமேல் தோற்கப் போகிறவன். ஓவிய வரலாறு, டிசைன், சினிமா என்று பெற்றவர்களுக்குப் புரியாத எதையாவது நடத்திக் காலம் தள்ளும் சக ஜீவன்களே, இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இந்த வருஷம் பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பெஞ்சு நிறையவில்லை என்றால் விஸ்காமை, அதாவது விஷுவல் கம்யூனிகேஷனை, மூடிவிட்டு வகுப்பறையை பி.காமுக்குக் கொடுத்துவிடுவாராம். எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழில் தெரியும் என்று சொல்லவும் சாட்சி கிடையாது. ஆள் பிடிக்கக் கிளம்பினேன்.

மாதாவுக்குக் கோடு போட்டது

கடற்கரை ஊர் ஒன்றில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாதிரி வகுப்பு. மாதாவும் பாலனும் இருக்கும் பழைய இத்தாலிய ஓவியத்தைச் சுவரில் காட்டி, உருவங்கள் எப்படி ஒரு முக்கோணத்துக்குள் அடங்குகின்றன என்று சொல்லி அசத்திவிடலாம் என்பது என் திட்டம். படம் விழுந்ததுதான் தாமதம், மொத்த வகுப்பும் எழுந்து சிலுவை போட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஜெபம் முடிந்ததும் வாய் சும்மா இருந்ததா, கை சும்மா இருந்ததா? மாதாவின் தலையிலிருந்து முழங்கால் வரை சிவப்புக் கோடு இழுத்தேன். முன்பெஞ்சுப் பிள்ளை ஒன்றுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த தலைமைச் சிஸ்டர் மெதுவாக என் பக்கம் வந்து சொன்னார்: "சார், கோட்ட அழிச்சிட்டு அடுத்த படத்துக்குப் போங்க. பிள்ளைக பரிகார ஜெபத்துக்கு முழங்கால்ல நின்னுட்டா பெல் அடிச்சாலும் எந்திரிக்காதுவ."

ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்

அடுத்து மீனவர் ஊரான ஆலந்தலையில் 'கடலில் ஒரு நாள் கேமரா பயிற்சி' என்று அறிவித்தேன். பள்ளி விடுமுறையாச்சே என்று ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். நான் ஸ்ரீவைகுண்டத்து வயக்காட்டு ஆள். எங்கள் பக்கம் நடவுக்கு ஞாயிறு, திங்கள் பேதம் கிடையாது. போய்ப் பார்த்தால் வள்ளம் எல்லாம் மணலில் ஏறிக் கிடக்கிறது, ஊர் மொத்தமும் சர்ச்சில் பூசையில் இருக்கிறது. பூசை முடிந்து பையன்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். ஒரே ஒரு வள்ளத்தையாவது தண்ணீரில் தள்ளக் கூடாதா என்று ஒரு அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வள்ளத்த இறக்குனா ஊர்க் கமிட்டி என்னைய சும்மா விடாது. கடல் காட்சிதான வேணும்? நீங்க நீந்துங்க சார், பயலுவ படம் எடுக்கட்டும்."

காலி இடம்

கடைசியாக பிளெக்ஸ் பேனர். டிசைன் வகுப்பில் வருஷம் முழுக்க நான் ஓதுகிற பாடம், காலி இடத்தின் அழகு. பேனர் முழுக்க வானம், கடல். ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் 'விஸ்காம் சேர்க்கை நடக்கிறது'. கடைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிளெக்ஸ் கடை அண்ணாச்சி பைல் பாதிதான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். பாவம், நல்ல மனுஷன். கல்லூரி ஆண்டு விழா பேனரிலிருந்து என் முகத்தை வெட்டி எடுத்து, நடு வானத்தில் பெரிதாக வைத்து, சட்டை நிறம் ஒத்துப்போகவில்லை என்று கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிலும் பூவும் போட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டு வாசலில் கட்டியாயிற்று. கறுப்பு வெள்ளை முகமும் பூவும் சேர்ந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம்? விடிந்ததும் என் மாமனார் வீட்டிலிருந்து ஒரு வேன் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். கடைக்கு ஓடிப்போய்க் கத்தினேன். அண்ணாச்சி அசரவில்லை: "வெறும் வானத்தப் பாக்க எவன் சார் நிப்பான்? மூஞ்சி இருந்தாத்தான் சனம் நிக்கும்."

மாலையோடு வந்தவர்கள்

சனம் நின்றது, கல்லூரிக்கும் வந்தது. என்னிடம் படித்துப் போனவர்கள் மாலையும் கையுமாக வந்து இறங்கினார்கள். நான் வெட்கத்தில் டிபார்ட்மெண்ட் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். ரெக்சன் என்று ஒரு பழைய மாணவன், இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறான். மூன்று வருஷமும் என்னிடம் திட்டு வாங்கியவன். அவன் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எனக்காக ஒருத்தன் இப்படி வருவான் என்று சத்தியமாக நான் நினைத்ததில்லை.

பிரின்சிபால் கூட்டத்தைப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு தம்பி தங்கைகளும் நிற்கிறார்களே என்று ஆளுக்கொரு விண்ணப்பத்தை நீட்டச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. ரெக்சனின் தங்கையும் ஒன்றை வாங்கி எழுதிக்கொண்டிருந்தாள். எதற்கும்மா இந்தப் படிப்பு என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "எங்க அப்பா செத்தப்பக்கூட அண்ணன் அழல சார். உங்களுக்கு அழுதான். அப்படி என்னதான் சொல்லிக்குடுத்தியன்னு பாக்கணும்."

உயிரோடு நின்று தொண்டை கிழியக் கத்தியபோது சேராத கூட்டம் அரை நாள் செத்ததும் சேர்ந்துவிட்டது என்றால், நான் இத்தனை வருஷமும் விளம்பரத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறேன்.