மணப்பெண்ணுக்கு மை, எனக்கு பம்ப்

மணப்பெண் அலங்காரம் என்பது பவுடரும் ஸ்ப்ரேயும் சாம்பிராணியும் கலந்த தொழில். கடுமையான முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, உள்ள ஒருத்தி இதைப் போய்த் தேடிப் பிடித்தாள் என்றால், அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. இதைப் போல வேறெதுவும் பிடிக்கவும் இல்லை. வீட்டை விட்டு இறங்கும் முன் பையில் பம்ப் இருக்கிறதா என்று மூன்று தரம் தடவிப் பார்க்கும் என் இனத்தாரே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கோடு போன போக்கு

நீல பம்பை இழுத்தால் மூச்சு வரும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குக் கை நடுங்கும். அதனால் வேலைக்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதலில் பம்ப், பிறகு தலைமுடி, கை அடங்கிய பிறகுதான் கண். ஒரு முறை சுபநேரம் நெருங்கிவிட்டது. ஐயர் ஆள் மேல் ஆள் அனுப்புகிறார், எனக்கோ நெஞ்சு இறுகுகிறது. ஒழுங்காவது மண்ணாவது என்று, பம்பை இழுத்த கையோடு மையை எடுத்தேன்.

இடது கண்ணில் கீறிய கோடு கண்ணோடு நிற்காமல் நேரே காதைப் பார்த்துப் போய்விட்டது. அழிக்க நேரமில்லை. வலது கண்ணுக்கும் அதே நீளத்தில் ஒன்றை இழுத்து, இரண்டையும் தடிப்பாக்கிவிட்டு நின்றேன். பெண்ணின் தங்கை கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"அக்கா, இது புது ஸ்டைலா? எனக்கும் இப்பிடியே கீறி விடுங்க."

வாசலில் ஒரு மணப்பெண்

ஃபேனைப் போட்டால் பவுடர் பறக்கும். நிறுத்தினால் எனக்கு மூச்சு முட்டும். வந்தாறுமூலையில் ஒரு வீடு. அறைக்கு ஒரேயொரு யன்னல், அதுவும் அலுமாரிக்குப் பின்னால். உள்ளே பத்துப் பெண்கள், பத்து விதமான சென்ட், ஒரு சாம்பிராணிச் சட்டி. "வெளிச்சம் காணாது" என்று ஒரு பொய்யைச் சொல்லி, பெண்ணைக் கதிரையோடு முன்வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

வெளிச்சமும் காற்றும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வாசல் ரோட்டுப் பக்கம். கம்பஸ் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், மீன்காரர் எல்லோரும் வேலியோடு வந்து நின்று ஆளுக்காள் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். லிப்ஸ்டிக் கொஞ்சம் கூடிவிட்டது என்று முதலில் சொன்னவர் மீன்காரர். சரியாகத்தான் சொன்னார், குறைத்தேன். பெண்ணின் மாமி வெளியே வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்னகா இது, மாப்பிள்ளையத் தவிர ஊரெல்லாம் பொம்பிளையப் பாத்து முடிச்சிட்டே!"

கொண்டைக்கு மருந்து

வருத்தக்காரி என்று தெரிந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று எனக்குப் பயம். அதனால் அந்த நாட்களில் பம்பை மற்ற ஸ்ப்ரேக்களோடு மேக்கப் பெட்டிக்குள் ஒளித்து வைப்பேன். விஷயம் தெரிந்தவள் றினோசா ஒருத்திதான். காத்தான்குடிக்காரி, என்னோடு கூட வந்து மருதாணி போடுகிறவள். ஒரு வீட்டில் நான் பூ எடுக்கப் போன நேரம், கொண்டை அவிழப் பார்க்கிறது என்று பெண்ணின் பெரியம்மா என் பெட்டியைத் திறந்துவிட்டார். கையில் அகப்பட்ட நீலத்தை எடுத்துக் கொண்டையைச் சுற்றி நாலு தரம் அடித்தும் விட்டார். வாசம் ஒன்றும் இல்லையே என்று முறைப்பாடு வேறு. பூவோடு திரும்பி வந்த என் காதுக்குள் றினோசா சொன்னாள்.

"விடுங்க அக்கா, இந்தக் கொண்டைக்கு இனி முட்டே வராது."

தேற்றாத்தீவுக் கலியாணம்

இது சிரிக்கிற கதை இல்லை. கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், வயல் வட்டையில் வைக்கோல் கொளுத்திய புகைக்குள்ளால் வந்து அகப்பட்டுக்கொண்டேன். பம்புக்கு முட்டு அடங்கவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மறித்துவிட்டார்கள். விடிந்தபோது முகத்தில் மருந்து ஆவி மாஸ்க், கையில் ஊசி, போனில் றினோசாவின் முகம். மருதாணியைத் தவிர வேறொன்றும் போட்டறியாதவள் எனக்குப் பதிலாக அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள். என்னால் பேச முடியவில்லை. தலையை ஆட்டி ஆட்டியே வேலை சொன்னேன்: மேலும் கீழும் ஆட்டினால் சரி, பக்கவாட்டில் ஆட்டினால் அழி.

பெண் வடிவாகத்தான் வந்தாள். ஆனால் தாய் போனை வாங்கி, "இப்பிடியொரு வருத்தம் இருக்கெண்டு முதல்லயே சொல்லியிருந்தா நாங்க வேற ஆயத்தம் செய்திருப்பமே மகள்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. அழுதேன், மாஸ்க்குக்குள் அழுவது லேசுப்பட்ட காரியமில்லை. வேலையை விடுங்கள், இல்லையென்றால் வேலை செய்யும் விதத்தை மாற்றுங்கள் என்றார் டாக்டர்.

மாற்றினேன். காலையும் இரவும் தடுப்பு பம்ப் தவறுவதில்லை. பவுடருக்குப் பதில் கிரீம், ஸ்ப்ரேக்கு முழுக்கு. கூப்பிடுகிறவர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன்: எனக்கு முட்டு, அறைக்குள் சாம்பிராணியும் சென்ட்டும் கூடாது, யன்னல் திறந்திருக்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். தொழில் இத்தோடு சரி என்றே நினைத்தேன். றினோசா அசையவில்லை.

"போறவங்க போகட்டும் அக்கா. நிக்கிறவங்கட வீட்டில யன்னல் திறந்திரிக்கும்."

பனிச்சங்கேணிப் பெண்

நாலாவதாகப் பேசியது மணப்பெண்ணே. "உங்களுக்கு முட்டெண்டு கேள்விப்பட்டன் அக்கா. எனக்கும்தான். அதால நீங்களே வாங்க" என்றாள். திகதியை உடனேயே குறித்துக்கொண்டேன்.

கலியாணத்தன்று தாய் என்னைத் தனியே கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லையாம். பம்ப் அவர்கள் கண்ணில் படக் கூடாதாம். நான் எப்படி மறுப்பேன்? நானே எத்தனையோ வருடம் ஒளித்தவள். கூறைச் சாறியின் கொய்யக மடிப்புக்குப் பின்னால், இடுப்பில் ஒரு சின்னப் பை தைத்து அதற்குள் பம்பை வைத்தேன்.

மணவறையில் ஓமப்புகை நேரே அவள் முகத்துக்கு வந்தது. தூரத்தில் நின்றே எனக்கு விளங்கிவிட்டது: தோள்கள் மேலே ஏறுகின்றன, கழுத்துக் குழி உள்ளே போகிறது. நான் ஓடப் பார்த்தேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேருக்கு முன்னால் அவள் எடுக்கமாட்டாள் என்று பயந்தேன். எடுத்தாள். இடுப்பிலிருந்து உருவி, குலுக்கி, ஆறுதலாக இழுத்து, மூச்சை அடக்கி, இன்னொரு தரமும் இழுத்தாள். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் சுழன்ற ஃபேனைக் காட்டி ஐயரிடம் சொன்னார்.

"ஐயா, அதத் திருப்பி விடுங்க. புகை என்ட பக்கம் வரட்டும்."

அந்தக் கலியாணப் படங்களில் மாப்பிள்ளை கண் சிவந்து மூக்கு ஒழுக நிற்கிறார், பெண்ணின் அலங்காரம் துளியும் கலையவில்லை. இந்தத் தொழில்காரிக்கு வேறென்ன வேண்டும்?